விரிப்பைப் பிடித்தவர்கள்

லுமுட் கடலோரத்தில் உள்ள அந்தப் பழைய ஹோட்டலை வாங்கிய புதிய நிர்வாகம், முன்கூடத்துச் சுவரில் வைக்க அதன் வரலாற்றை எழுதித் தரச் சொன்னது. நாளிதழ் வேலையை விட்டபின் ஈப்போவில் எனக்கு வருவது இப்படிப்பட்ட வேலைகள்தாம். ஈயச் சுரங்க முதலாளி கட்டியது, தோட்டத் துரைமார் தங்கியது, போர்க்காலத்தில் ஜப்பானியர் பிடித்தது எல்லாம் எழுதினேன்.

என் அக்கா அங்கே துணி வெளுத்தவள். சித்தியவானுக்கு அருகே எங்கள் குடும்பம் பால் வெட்டிய ரப்பர் தோட்டம் விற்கப்பட்டபோது சேர்ந்து, முட்டி தேயும்வரை வேலை பார்த்தாள்.

“ஏழு பொம்பளைங்க இருந்தோம். எங்களையும் போட்டுருலா” என்றாள்.

“ஆதாரம் ஏதாவது இருக்கா?”

“வெந்துபோன கை இருக்கு. போட்டோ புடிச்சுக்கிறியா?”

அவர்கள் காண்ட்ராக்டரின் ஆட்கள். ஹோட்டலின் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. கிடைத்த ஊழியர் படம் ஒன்றை அவளிடம் காட்டினேன். சமையல்காரர்களும் பரிமாறுபவர்களும் ஒரு வெள்ளை விரிப்பின்முன் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ‘மகிழ்ச்சியான பணியாளர்கள்’ என்று அதற்கு ஏற்கெனவே தலைப்பு எழுதியிருந்தேன்.

விரிப்பின் மேல் ஓரத்தில் தெரிந்த நான்கு விரல்களை அக்கா தொட்டாள்.

“இது நான். சுவரு அசிங்கமா இருக்குன்னு பெட்ஷீட்டப் புடிக்கச் சொன்னாங்க. ‘கை கடுக்குது, சட்டுனு எடுங்கண்ணே’ன்னு கத்துனேன். அதுக்குத்தான் இவனுங்க இளிக்கிறானுங்க.”

தலைப்பை அடித்துவிட்டு, ஏழு பெண்களைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். ‘அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர்’ என்று ஹோட்டலிலிருந்து ஒரு வரிப் பதில் வந்தது. படத்தையும் பத்தியையும் எடுத்துவிட்டார்கள். நானும் எத்தனையோ பேர் எழுதியதை அப்படி வெட்டியவன். வாதாடவில்லை. அக்காவிடம் சொல்லவும் இல்லை.

ஹோட்டல் திறப்பு விழா முடிந்த மறுவாரம் அவளே பஸ் ஏறி அங்கே போய், என்னையும் வரச் சொன்னாள். முன்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த வரலாற்றுப் பலகை முழுக்க ஆங்கிலம். அவள் தோட்டத்துப் பள்ளியில் தமிழ் மட்டும் படித்தவள்.

“எங்களப் பத்தி எந்த எடத்துல இருக்கு?”

நான்காம் பத்தியைக் காட்டினேன். அது படகுத்துறையைப் புதுப்பித்ததைப் பற்றியது.

“படிச்சுக் காட்டுலா.”

வெட்டப்பட்ட பத்தியை நினைவிலிருந்து சொன்னேன்.

“ஏழு பேருன்னு போட்டிருக்கா?”

“போட்டிருக்கு.”

அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு பலகைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“எழுத்து தெரியிற மாதிரி ஒரு படம் புடி. மகளுக்கு அனுப்பணும். அவ இங்கிலீஷ் நல்லா படிப்பா.”

போனில் சார்ஜ் இல்லை என்றேன். தன்னுடையதை எடுத்து நீட்டினாள்.