ஒரே மூட்டை, இரண்டு சாவடி

சுக்கு லோடு அடித்தவர்களுக்குத் தெரியும், எத்தனை தடவை துவைத்தாலும் சட்டையை விட்டு அந்த வாசனை போகாது. எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியிலிருந்து கோயம்புத்தூருக்கு நான் லாரி ஓட்டினேன். பாலக்காடு தாண்டினால் கேரளச் சோதனைச் சாவடி. கூப்பிடு தூரத்தில் தமிழ்நாட்டுச் சாவடி. அங்கே இறக்கிக் காட்டி ஏற்றிய மூட்டைகளை இங்கேயும் இறக்க வேண்டும். அந்த ரூட்டில் ஓட்டியிருந்தால் நீங்களும் பட்டிருப்பீர்கள்.

நனைந்த லோடு

மட்டாஞ்சேரியில் கொச்சங்காடிக் கிடங்கில் நன்றாகக் காய்ந்த சுக்காகத்தான் ஏற்றினேன். இரண்டாவது சாவடியில் மூட்டைகள் தரையில் கிடக்கும்போது மழை கொட்டியது. தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் பாதி நனைந்துவிட்டது. கோயம்புத்தூர் வியாபாரி ஒரு துண்டை நசுக்கிப் பார்த்தார்.

"சுக்குதானேப்பா கேட்டேன்? திரும்பவும் இஞ்சியாக்கிக் கொண்டாந்திருக்கியே!"

இன்ஜினீயரின் கேள்வி

எண்பதுகளில், வெளிநாட்டுக் கடனில் ரோடு அகலமாகப் போகிறது என்றார்கள். கடன் கொடுப்பவர்கள் அனுப்பிய இன்ஜினீயர் ஒருவர் ரோட்டைப் பார்க்க என் லாரியிலேயே ஏறிக்கொண்டார். அவர் பேச்சை எனக்குச் சொல்ல எர்ணாகுளத்து அதிகாரி ஒருவரும் கூட வந்தார். மூட்டைகள் இரண்டாம் தடவை இறங்குவதைப் பார்த்ததும் இன்ஜினீயர் ஏதோ கேட்டார். அதிகாரிக்குச் சங்கடமாகிவிட்டது.

"ரோடு அகலமானா வண்டியெல்லாம் வேகமா வந்து இங்க நிக்கும், அவ்வளவுதானேன்னு கேக்கறார்."

சேச்சியின் பெஞ்சு

சாவடிகளை ஒன்றாக்கினால்தான் பணம் என்று நிபந்தனை வந்தது. இரண்டு சாவடி அதிகாரிகளும் பேசியாக வேண்டும். அவர் இடத்துக்கு இவர் போகமாட்டார். இவர் இடத்துக்கு அவர் வரமாட்டார். கடைசியில், இரண்டு சாவடிக்கும் நடுவில், டிரைவர்கள் நாங்கள் வழக்கமாக நிற்கும் சரோஜினி சேச்சியின் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பேச்சு முறுக்கிக்கொண்டே போயிற்று. நாங்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சேச்சி இருவருக்கும் நடுவே இரண்டு சாயாவை வைத்தார். கேரள அதிகாரி பாதி குடித்துவிட்டுத் தமிழ்நாட்டு அதிகாரியிடம் மெல்லச் சொன்னார்:

"இத்தனை வருஷமா எதிர்ல இருந்தும் சாரோட பேரு எனக்குத் தெரியாதே."

புது ரோடு

அன்று பேசி முடித்தபடி, ஒரே கொட்டகையில் இரண்டு சாவடிக்காரர்களும் சேர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். மூட்டை ஒரு தடவை இறங்கினால் போதும். ஆனால் ரோடு அகலமானதில் சேச்சியின் கடை போயிற்று. சாயாவுக்கு வெந்நீர் கொதிக்கும் அவருடைய சமாவரையும் பெஞ்சையும் நான்தான் லாரியில் ஏற்றி, பாலக்காட்டில் அவர் தம்பி வீட்டில் இறக்கினேன். இறங்கும்போது சேச்சி சொன்னார்:

"நல்ல ரோடுதான் முருகேசா. இனி நீங்க யாரும் நிக்க மாட்டீங்களே."

அதன்பிறகு எல்லையை நான் சீக்கிரமே தாண்டி, விடியுமுன்பே போய்ச் சேர்ந்து, கோயம்புத்தூரில் கடைகள் திறக்கும்வரை சாயா கிடைக்காமல் காத்துக் கிடந்தேன்.