அக்காவின் கன்னத்தில் போட்ட தையல்

துணியைத்தான் தைப்பார்கள் என்று ஏழு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். மனிதத் தோலையும் தைக்கலாம் என்பது ஜப்பான்காரன் காலத்தில், யோங் பெங் என்கிற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில்தான் எனக்குத் தெரியவந்தது.

அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். லயத்து வரிசை வீட்டில் அம்மா, அக்கா, நான் மூவர்தான். ஒரு நாள் அடித்த காற்றில் கூரைத் தகரம் பிய்ந்து வந்து, மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்த அக்காவின் இடக் கன்னத்தைக் காதோரம் முதல் வாயோரம் வரை கிழித்துவிட்டது. அவளுக்குப் பதினேழு வயது. லயத்திலேயே அழகி. அதில் எனக்குப் பெருமையும் உண்டு, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு.

வெள்ளைக்கார டாக்டர் ஓடிப்போன பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர் மட்டுமே இருந்தார். விட்டுப்போக ஆளில்லாததால் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

டிரசர் ஒரு தட்டில் மூன்று வகை நூல்களை எடுத்து வைத்தார். ஒன்று ஆட்டுக் குடலில் திரித்தது. உள்ளே போட்டால் சதையே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்துவிடுமாம். இன்னொன்று ஸ்பிரிட்டில் ஊறிக்கொண்டிருந்த குதிரைவால் முடி. துரையின் குதிரையிடமிருந்து எப்போதோ எடுத்து வைத்தது. மூன்றாவது, மாவு மூட்டையின் வாயைத் தைக்கிற முரட்டுப் பருத்தி நூல்.

"குதிர முடி வழவழன்னு இருக்கும்மா. அது உள்ள இருக்கிறதே சதைக்குத் தெரியாது. அஞ்சு நாள்ல உருவிட்டா மெல்லிசா கோடு மாதிரி ஆறிடும். பருத்தி நூலு அப்படி இல்ல, ஈரத்த உறிஞ்சும். சதை அதோட மல்லுக்கு நிக்கும். வீங்கித் தடிச்சு, பூரான் மாதிரி தழும்பு விழுந்துடும்," என்றார்.

வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். சதைக்குக்கூடப் பிடித்தது, பிடிக்காதது என்று உண்டா? அன்றைக்கு டிரசர் என் கண்ணுக்குச் சாமியாகவே தெரிந்தார்.

அம்மா அக்காவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "வெளிய பருத்தி நூலுலயே தைங்க ஐயா," என்றாள்.

டிரசர் நிமிர்ந்தார். "பொம்பளப் புள்ள முகம்மா."

"அதனாலதான் சொல்றேன். பக்கத்துத் தோட்டத்துக்கு ஜப்பான்காரன் லாரி வந்துட்டுப் போயிருக்கு."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா கண்களை மூடிக்கொண்டு மெல்லத் தலையசைத்தாள்.

அவர் பருத்தி நூலை வெகுநேரம் கொதிக்க வைத்தார். சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து, தினமும் கொண்டுவந்து காட்டவேண்டும் என்றார். உள்சதையைக் குடல் நூலால் சேர்த்தார். பிறகு வளைந்த ஊசி தோலுக்குள் போவதும் வருவதுமாக இருந்ததைக் கண் கொட்டாமல் பார்த்தேன். பிளந்து கிடந்த கன்னம் அவர் கையில் ஒன்றுசேர்ந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கூடவே அம்மாவின் மேல் ஆத்திரமும் வந்தது. நல்லதைத் தட்டில் வைத்துக்கொண்டு, பெற்ற பெண்ணுக்கு மட்டமானதைக் கேட்கிற தாய் உண்டா?

அக்காவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. டிரசர் பதினைந்தாம் நாள்தான் தையலைப் பிரித்தார். தழும்பு தடித்துச் சிவந்து, இருபக்கமும் வரிசையாகக் கால்களோடு நிஜப் பூரானாகவே இருந்தது. அவர் சொன்னதைச் சதை அப்படியே கேட்டிருப்பதைப் பார்த்து மலைத்துப்போனேன்.

அடுத்த மாதம் லாரி எங்கள் தோட்டத்துக்கும் வந்தது. சமையல் வேலைக்குப் பெண்பிள்ளைகள் வேண்டும், மூன்று வேளையும் அரிசிச் சோறு என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அறிவித்தார். மரவள்ளியே தின்று நாக்குச் செத்திருந்த எனக்கு எச்சில் ஊறியது. அக்காவுக்கு வேலை கிடைத்தால் எனக்கும் கொஞ்சம் கொண்டுவருவாள். பெண்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய் அக்காவின் முகவாயைப் பிடித்துத் திருப்பினான். தழும்பைக் கண்டதும் முகம் சுளித்து, அடுத்தவளிடம் போய்விட்டான்.

நான்கு பேரை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியது. அம்மா மண்ணில் சரிந்து, அக்காவின் கால்களைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். போன சோற்றை நினைத்துத்தான் அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அப்பவே அந்தக் குதிர முடியால தைக்கச் சொல்லியிருக்கலாம்லம்மா," என்றேன்.