இதுவும் ராஜபாளையம்தான்

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் முகாம் போட்டுத் தெருநாய்க் குட்டிகளைத் தத்துக் கொடுக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் இன்னும் வரவில்லை, நின்று பார்க்கிறேன். வருகிறவர்கள் இந்த ஊர்ப் பெயர்கொண்ட வெள்ளை வேட்டைநாயைத் தேடிவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போகிறார்கள். கூடையில் மிச்சம் ஒரு செவலைக் குட்டி. என் விரலைச் சப்புகிறது.

பக்கத்துக் கிராமமான தேவதானத்துக்காரப் பெண் ஒருவர் காய்கறிப் பையோடு குனிகிறார்.

"தத்துன்னா சொத்துல பங்கு கேக்குமோ?"

முகாம் நடத்தும் பெண் சிரிக்கிறார். "சோறும் ஊசியும் போதும்க்கா. ஆனா சாதி நாயில்ல, தெருநாய். சொல்லித்தான் குடுக்கோம்."

"எந்த ஊருத் தெருவு?"

"இங்கதான். மார்க்கெட்டுக்குப் பின்னால பொறந்தது."

தேவதானத்துக்காரர் தன் பையில் கத்திரிக்காயை ஒதுக்கிக் குட்டிக்கு இடம் பண்ணுகிறார்.

"அப்பொ இதுவும் ராஜபாளையம் நாய்தானம்மா."