பத்துக்குப் பத்து அங்குல ஓட்டை

எங்கள் கம்பெனி விற்பது ஹீட்டர். கம்பெனி இருப்பது அம்பத்தூரில். இதைக் கேட்டுச் சிரிக்காதவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் என் வருங்கால மாமனாரே சிரித்துவிட்டு, ஏ.சி. கம்பெனியில் ஏதும் கிடைக்கவில்லையா என்று கேட்டார். ஆனால் சென்னையில் ஹீட்டருக்கு ஆள் உண்டு. பெயின்ட் காய வைப்பவர்கள் வாங்குகிறார்கள், கோழிக்குஞ்சு வளர்ப்பவர்கள் வாங்குகிறார்கள், ஐப்பசி மழையில் அப்பளம் காயாமல் தவிக்கிறவர்கள் வாங்குகிறார்கள். குளிருகிறது என்று வாங்கியவர் இதுவரை ஒருவரும் இல்லை.

நான் கொட்டேஷன் போடுகிறவன். ஹீட்டரைக் கொண்டுபோய்க் கூரையில் தொங்கவிட்டு, கேஸ் இணைப்புக் கொடுத்து, பற்ற வைத்துவிட்டு வருகிறவர் இருதயராஜ். அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் வீடு. வயது ஐம்பத்து மூன்று. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை.

மெஷினோடு வருகிற புத்தகத்தை எங்கள் கம்பெனியில் முழுதாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். எட்டாவதோடு நின்றவர், இங்கிலீஷ் புத்தகம், மூன்று மாதம் ஆனது. கூரைமேல் பனி கொட்டிக் கிடந்தால் புகைக்குழாய் எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்று அதில் ஒரு பக்கம் இருக்கிறது. அதையும் விடவில்லை. குளிர்காலம் தொடங்கும் முன் சர்வீஸ் செய்யவும் என்று போட்டிருந்ததால், அம்பத்தூரில் குளிர்காலம் என்றைக்குத் தொடங்குகிறது என்று என்னிடம் வந்து கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

அவர் வேலையில் அளவு பிசகாது. தரையிலிருந்து எட்டடி உயரம். எரியக்கூடிய எந்தப் பொருளும் இத்தனை அங்குலத்துக்குள் இருக்கக் கூடாது. புகைக்குழாய் கூரையைத் தாண்டி வெளியே போக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், சுவரில் இரண்டு ஓட்டை. தரையை ஒட்டி ஒன்று, கூரையை ஒட்டி ஒன்று, இரண்டும் பத்துக்குப் பத்து அங்குலம். நெருப்புக்குக் காற்று வேண்டும். காற்று போதவில்லை என்றால் புகை மேலே ஏறாமல் உள்ளேயே இறங்கும். அந்தப் புகைக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

நம் ஊரில் சுவரில் ஓட்டை என்றால் அது அடைக்க வேண்டிய பொருள். எலி வரும், கொசு வரும், சாரல் வரும். இருதயராஜ் எந்த இடத்துக்குச் சர்வீஸுக்குப் போனாலும் முதலில் ஓட்டையைத்தான் பார்ப்பார். பாதி இடங்களில் இருக்காது. ஒரு இடத்தில் மறைந்த தலைவரின் கண்ணீர் அஞ்சலி பேனரை நான்காக மடித்து அடித்திருந்தார்கள். அவர் வணங்கிவிட்டுப் பிரித்தார்.

நூம்பலில் உத்தமன் என்பவருக்கு அப்பளக் கொட்டகை. பதினோரு பெண்கள் வேலை செய்கிறார்கள். போன வருஷம் மழைக்கு முன் அங்கே ஒரு ஹீட்டர் மாட்டினோம். மூன்றாவது வாரம் அங்கே ஒரு பெண் மயங்கி விழுந்துவிட்டதாகத் தகவல் வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் கம்மி என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள். இருதயராஜ் உடனே போய்ப் பார்த்தார். கீழ் ஓட்டையில் கோணிச் சாக்கு, மேல் ஓட்டையில் புறாவுக்குப் பயந்து பலகை. இரண்டையும் எடுத்துப் போட்டுவிட்டு உத்தமனிடம் விளக்கினார். உத்தமன் தலையாட்டினார். அடுத்த தடவை போனபோது சாக்கு திரும்பவும் இருந்தது. இரும்புக் கம்பி வலை அடித்தார். வலைக்கு உள்பக்கம் சாக்கு வந்தது. சிவப்பு பெயின்டில் ‘அடைக்காதீர்’ என்று எழுதினார். அதன்மேல் காலண்டர் மாட்டினார்கள்.

இந்த வருஷம் சர்வீஸுக்குப் போனபோது அவருக்கு அலுத்துவிட்டது. பொய்யே சொல்லாத மனுஷன், அன்றைக்கு ஒன்று சொன்னார். அந்த ஓட்டை ஈசானிய மூலையில் இருக்கிறது, வாஸ்துப்படி அதை அடைத்தால் தொழில் படுத்துவிடும் என்றார். உத்தமன் அன்றே சாக்கை எடுத்தார். ஓட்டையைச் சுற்றி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஊதுபத்தி ஸ்டாண்டும் வாங்கிவிட்டார். மூன்று தரம் விஞ்ஞானம் சொல்லி நடக்காதது ஒரே பொய்யில் நடந்தது. இருதயராஜ் என்னிடம் இதைச் சொன்னபோது முகத்தில் சந்தோஷம் இல்லை. எனக்கு இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

நாற்பது நாள் ஓட்டை திறந்திருந்தது. வாஸ்து என்று ஆன பிறகு, வாஸ்துக்காரர் வராமல் இருப்பாரா? குமணன்சாவடியிலிருந்து ஒருவர் வந்தார், திசைமானியை வைத்துப் பார்த்தார், இது ஈசானியமே இல்லை, கன்னி மூலை என்றார். அங்கே ஓட்டை இருந்தால் எஜமானுக்கு ஆகாதாம். அங்குலம் பிசகாத இருதயராஜ் திசையைச் சும்மா கைபோன போக்கில் சொல்லியிருந்தார். உத்தமன் மேலும் கீழும் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்.

அதற்கு மறுநாள், ரெகுலேட்டர் மாற்ற இருதயராஜ் போனார். நல்ல மழை. கொட்டகையின் கதவு சாத்தியிருந்தது, உள்ளே ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது, பதினோரு பேரும் மாவு உருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கேஸை மூடினார், எல்லாரையும் வெளியே அனுப்பினார், ரெகுலேட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். உத்தமன் எங்கள் முதலாளிக்குப் போன் செய்தார். முதலாளி என்னை அனுப்பினார். இருதயராஜிடம் சர்வீஸ் ஷீட்டில் எல்லாம் சரி என்று கையெழுத்து வாங்க வேண்டும், தராவிட்டால் அவர் நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம். நான் ஷீட்டை எடுத்துக்கொண்டு போனேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

பெண்கள் வெளியே தகர ஷீட்டுக்கு அடியில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே தட்டுத் தட்டாக அப்பளம் ஈரத்தில் கிடந்தது. உத்தமன் கத்தவில்லை. நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார்.

“வாஸ்துக்காரரு அடைக்கச் சொல்றாரு. நீ தொறக்கச் சொல்ற. யாரு பேச்சைப்பா நான் கேக்குறது?”

“அது வாஸ்தே இல்ல சார். நான் பொய் சொன்னேன். ஓட்டை இல்லன்னா இதே கொட்டகையில வெஷக் காத்து நிக்கும். மொதல்ல தலைவலி, அப்புறம் வாந்தி, அப்புறம் தூக்கம். தூங்கினவங்க எந்திரிக்க மாட்டாங்க. உங்ககிட்ட மூணு தரம் சொன்னேன்.”

சொன்னது உண்மைதான் என்று உத்தமன் ஒப்புக்கொண்டார். கம்பெனிக்காரன் பின்னாலேயே எக்ஸாஸ்ட் ஃபேன் விற்க வருவான், அதற்குத்தான் பயமுறுத்துகிறான் என்று நினைத்தாராம். சாக்கை யார் வைத்தது என்று அவர் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை.

அப்போதுதான் தகர ஷீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். பெயர் ஜமீலா. முப்பது வயதிருக்கும், கையெல்லாம் உளுந்து மாவு. இருதயராஜைத்தான் பார்த்தாள்.

“சாக்கைச் சொருவுனது நாந்தான்ணா. சாரல் அடிச்சி அப்பளம் நனைஞ்சா திட்டு எங்களுக்குத்தானே. போன வருசம் மயக்கம் போட்டு வுழுந்தாளே, சபீனா, அவ என் தங்கச்சி. அவள ஆஸ்பத்திரில வுட்டுட்டு வந்து, மறுபடியும் நாந்தான் சொருவுனேன்.”

அவள் குரல் உயரவில்லை.

“இவருகிட்ட மூணு வாட்டி சொன்னீங்க. செவுத்துல எழுதுனீங்க, எனக்குப் படிக்கத் தெரியாது. மொத நாளு நீங்க ஓட்டைக்கு அளந்துகினு இருந்தப்போ டேப்போட அந்தாண்ட முனையப் புடிச்சிகினு நின்னது நாந்தான்ணா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

இருதயராஜ் ரெகுலேட்டர் பையைக் கீழே வைத்தார். பிறகு, “தப்புதாம்மா” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டியவன் நானும்தான். என் கொட்டேஷனில் ஓட்டைக்குத் தனி வரி உண்டு, உள்ளே உட்காருகிறவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

உத்தமன் கடப்பாரை எடுத்து வந்தார். பூச்சு இன்னும் இறுகவில்லை, செங்கல் சுலபமாக வந்துவிட்டது. நான் சர்வீஸ் ஷீட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சாரல் உள்ளே வராமல் வெளிப்பக்கம் ஒரு தகர மறைப்பு வைத்தால் போதாதா என்று ஜமீலா கேட்டாள். போதும் என்றார் இருதயராஜ். பிறகு பதினோரு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, தானும் தரையில் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதைத் தொடங்கும் முன், சபீனா இப்போது எப்படி இருக்கிறாள் என்று ஜமீலாவிடம் கேட்டார்.

“ஊட்லதான் கீறா” என்றாள் ஜமீலா. “கூப்ட்டா திரும்பிப் பாக்குறா. கூப்ட்டது யாருன்றதுதான் சட்டுனு ஞாபகம் வர மாட்டேங்குது.”