படகில் தூங்கியவர்

சனிக்கிழமை மாலை ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டில். எங்கள் செடெனாக் வட்டாரத்திலிருந்து ஐந்து குடும்பங்கள் வந்திருந்தன. நற்செய்திச் சிந்தனை சொல்வது என் முறை. புயலில் படகு தத்தளிக்கும்போது இயேசு தலையணை வைத்துத் தூங்கும் பகுதி. ஒரு வாரம் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

வாசகம் முடிந்ததும், "எல்லாரும் கண்ண மூடி, இந்தக் கதையில நீங்க யாருன்னு யோசிங்க" என்றேன். மூடினார்கள். என் கணவர் அதற்கு முன்பே மூடிவிட்டிருந்தார். சிங்கப்பூரில் வேலை, தினமும் விடிவதற்கு வெகு முன்பே பஸ் ஏறி, எல்லைப் பாலத்தில் கஸ்டம் சோதனையைக் கடந்து போய்வருபவர். அந்த அமைதியில் குறட்டை மெல்லத் தொடங்கி, சீக்கிரமே உரத்தது.

முழங்கையால் ஒரு இடி இடித்தேன். துள்ளி எழுந்து நின்று, சட்டைப் பையைத் தடவி, "கஸ்டம் வந்துருச்சா? பாஸ்போர்ட் எங்க?" என்றார்.

வீடே சிரித்தது. எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கூட்டத்தை நடத்தும் ஓய்வுபெற்ற டீச்சர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி தம்பி, உட்காருங்க. இந்தக் கதையில நீங்க யாரு?" என்று கேட்டார்.

"என்ன கதை, டீச்சர்?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு கதையைச் சுருக்கிச் சொன்னேன். என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப நான் ஆண்டவர்தான் லா" என்றார். "நாள் முழுக்கக் கூட்டத்துக்குப் போதிச்சிட்டு வந்திருக்காரு. அசந்து தூங்குறாரு. தட்டி எழுப்பி, உமக்குக் கவலையே இல்லையான்னு கேக்குறாங்க. எங்க வீட்லயும் தினம் அதே கேள்விதான்."

ஆண்கள் எல்லாரும் ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள். மற்ற ஜெபங்களுக்கு அவர்கள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

என் இரண்டு பக்கமும் விசுவாசம் பற்றியது. ஆண்டவருக்குக் களைப்பு இருந்திருக்கும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. தாள்களை மடித்து வைத்துவிட்டேன். டீச்சர் அன்று, தினமும் பாலம் கடந்து போய்வரும் எல்லாருக்காகவும் ஜெபித்தார். கண்ணைத் திறந்தபோது, என் கணவர் கைகூப்பி விழித்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் டீச்சரின் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பட்டுமா?" என்றேன்.

"வேணாம், விடு" என்றார் டீச்சர். "முதல்ல தேத்தண்ணிய கொண்டா."