ஹீட்டர் சுவிட்சைப் போட்ட கை

அன்பானவர்களே, என் மகள் சாகக் கிடந்தபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். என் கணவர் ஸ்டீபன் அப்போதுதான் புதுக் கார் வாங்கியிருந்தார். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், ஏழு வயது மகள் பெனிட்டாவோடு ஊட்டிக்குப் போனோம். அங்கே காலையில் காரில் கிளம்பியபோது கடும் குளிர். "ஹீட்டர் போடுங்கப்பா" என்றாள். தாம்பரத்து வெயிலில் அந்தச் சுவிட்சுக்கு வேலையே இருந்ததில்லை. அன்றுதான் அவர் முதன்முதலாக அதைப் போட்டார்.

கொஞ்ச தூரத்திலேயே பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பிறகு கரும்புகை. வண்டியை நிறுத்தி நாங்கள் இருவரும் குதித்தோம். முன்பக்கம் தீ பிடித்துக்கொண்டது. பின்கதவு திறக்கவில்லை. அவர் கல்லால் கண்ணாடியை உடைத்துப் பெனிட்டாவை வெளியே இழுத்தார். அவளுக்கு நினைவில்லை. அவ்வழியே வந்த காய்கறி வேன்காரர் எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் செருப்பு ஒன்றைக் காணோம். எங்கே விழுந்திருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். "இயேசப்பா" என்று வாய் சொன்னது. அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

மதியம் பெனிட்டா கண் திறந்து தண்ணீர் கேட்டாள். கர்த்தர் அவளைத் திருப்பிக் கொடுத்தார். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ்தான் அழுதாள்.

வீடு திரும்பிய பிறகு என் கணவர் பேச்சை நிறுத்திவிட்டார். குழந்தையைத் தொடமாட்டார். சபைக்கும் வருவதில்லை. ஒரே ஒருமுறை சொன்னார்.

"என் கையாலதானே போட்டேன், ஹெலன்."

என் மனதிலும் அதுதான் ஓடியது. தினமும் பெனிட்டாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு முழங்காலில் நிற்பேன். "ஆண்டவரே, இவரை விட்டுடாதீங்க." அவ்வளவுதான் என் ஜெபம்.

ஒரு சாயங்காலம் கார் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் வீட்டுக்கு வந்தார். குற்றம் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"சார், எரிஞ்ச வண்டியைப் பிரிச்சுப் பாத்துட்டோம். ஹீட்டர் பார்ட்லயே கோளாறு. யார் போட்டிருந்தாலும் பத்திக்கும். தப்பு எங்களோடது. இந்த மாடல் வண்டி எல்லாத்தையும் திருப்பிக் கூப்பிட்டு அதை மாத்தறோம்."

"அப்போ நான் போட்டதால இல்லையா?"

"இல்ல சார். நீங்க கண்ணாடிய உடைச்சதாலதான் பாப்பா பொழச்சிருக்கா."

"இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

அவர் பொறுமையாக மறுபடியும் சொன்னார். என் கணவர் வாசற்படியில் உட்கார்ந்து விம்மினார். "ஏம்பா அழறீங்க?" என்று பெனிட்டா ஓடிவந்தாள். அவளை வாரி மடியில் வைத்துக்கொண்டார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஊட்டிக்குப் பிறகு முதல்முறையாக அழுதேன்.

கீழ்க்கட்டளையில் எங்கள் சபைச் சகோதரர் ஒருவரும் அதே கார் வைத்திருந்தார். "மே மாசம் புள்ளைங்களோட கொடைக்கானல் போறதா இருந்தோம், அக்கா" என்றார், பார்ட்டை மாற்றிவிட்டு வந்த அன்று.

இப்போது விபத்தில் சிக்கியவர்கள் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் என் கணவர் போய் அவர்கள் வீட்டாரோடு உட்கார்ந்துவிட்டு வருகிறார். அறிவுரை எதுவும் சொல்வதில்லை.

உங்களில் யாருக்காவது ஜெபிக்க வார்த்தை வரவில்லையா? விசுவாசம் பொங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வெறுமையாகவே போய் கர்த்தர் முன்னால் உட்காருங்கள். நான் அப்படித்தான் உட்கார்ந்தேன். அவர் கேட்டார்.