பவுனம்மாள் அழித்த கோடு

1930 வாக்கில், ரவாங் போகும் வழியிலிருந்த கல்லுமலையில் பவுனம்மாளுக்கு ஜல்லி சுமக்கும் வேலை. அவள் சுமந்த கல்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் தண்டவாளங்களுக்கு அடியில் கிடந்தது. அவளோ, ஊரைவிட்டுக் கடல் கடந்து வந்து கிள்ளான் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிய அன்று ரயிலேறியதோடு சரி.

பெருவெள்ளத்தில் கூலிகள் குடியிருந்த லயமே மூழ்கியபோது ஜனங்கள் மலைக்குகைக்குள் ஒண்டிக்கொண்டார்கள். அங்கேதான் பவுனம்மாள் மகளைப் பெற்றாள். வெள்ளம் வடிந்தபின் அங்கே ஒரு வேலாயுதத்தை நட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கு அந்தக் குகை தாய்வீடாகவே ஆகிப்போனது.

ஒருநாள் சர்வே துரை வந்து, குகை வாசலை ஒட்டிய பாறையில் நீளமாகச் சிவப்புக் கோடு இழுத்துவிட்டுப் போனார். பவுனம்மாள் அதைப் பார்த்தாள். வெடி வைக்கத்தான் அடையாளம், வேறென்ன? யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கிற பொறுமை அவளுக்கு என்றைக்கு இருந்தது! சாயம் காய்வதற்குள் மண்ணெண்ணெயும் சாக்குத் துணியுமாகப் போய், தேய்தேயென்று தேய்த்துச் சுவடில்லாமல் அழித்துவிட்டாள்.

மறுநாள் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திவைத்து, வேலை வாங்கும் மண்டோர் பழனியப்பன் சத்தம் போட்டார்: "நல்லா கேட்டுக்குங்கலா! தொரை செவப்புக் கோடு போட்டிருக்காரு. அதுவரைக்கும்தான் வெடி. அதைத் தாண்டி, குகைப் பக்கம் ஒருத்தனும் கை வைக்கக்கூடாது."

பவுனம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. குகையைக் காக்கப் போட்ட கோடா அது! சொன்னால் வேலை போகும், லயத்து அறையும் போகும். சொல்லாவிட்டால் குகை போகும். துளை போடும் ஆட்களோ உளியும் சம்மட்டியுமாகக் கிளம்பிவிட்டார்கள். முன்னால் போனவன் அவள் புருஷன் கன்னையா.

குறுக்குவழியில் ஓடினாள். வேலாயுதத்தின் அடியிலிருந்த குங்குமத்தை அள்ளி, விளக்கிலிருந்த எண்ணெயில் குழைத்து, பாறையில் இழுக்கத் தொடங்கினாள். அவசரத்தில் இழுத்தால் கோடு எங்கே வரும்? பொட்டுப் பொட்டாகத்தான் விழுந்தது. பாதிகூட முடியவில்லை, ஆட்கள் வந்துவிட்டார்கள். கூடையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

உளியைப் பாறையில் வைக்கப்போன கன்னையா, வைக்காமல் நின்றான்.

"என்னடா மரம் மாதிரி நிக்கிறே?" என்று மேலேறி வந்தார் மண்டோர்.

"கோட்டைக் காணோம்ங்க. யாரோ பாறைக்குக் குங்குமம் வச்சிருக்காங்க. இதுல எப்படிங்க உளி வைக்கிறது?"

மற்றவர்களும் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள். மண்டோர் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஈரம் காயவில்லை. திரும்பி, பவுனம்மாளின் சிவந்த விரல்களைப் பார்த்தார். குனிந்து செருப்பைக் கழற்றினார். அடிதான் விழப்போகிறது என்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மண்டோர் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, பாறையைத் தொட்டுக் கும்பிட்டார்.

"மீதியையும் சீக்கிரம் போட்டு முடி தாயி. தொரை வர்ற நேரமாச்சு."